கயிறு அறுந்த பாட்டு

ஃபிலோமினா டீச்சர் கையில் சிவப்புப் பேனாவோடுதான் அந்த நாவலைப் பிரித்தாள். தப்புத் தப்பாக இருக்கும் இடங்களில் எல்லாம் கோடு போட வேண்டும் என்பது ஓசோஃபோவின் உத்தரவு. எங்கள் கரையோர ஊர்களில் போதகரை ஓசோஃபோ என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்துப் பட்டணமான கேப் கோஸ்டின் பஸ் நிலையத்தில் அந்தப் புத்தகம் அவித்த முட்டையோடு போட்டி போட்டு விற்றது. யூதாஸ் தூக்கில் சாகவில்லையாம், கயிறு அறுந்து பிழைத்துக்கொண்டானாம். இளவட்டங்கள் கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். ஓசோஃபோ டாட்ஸிக்குத் தூக்கம் போயிற்று.

“நீங்க படிங்க டீச்சர். படிச்சிட்டு செவ்வாய்க்கிழமை பொம்பளைங்க கூட்டத்துல அதக் கிழிகிழின்னு கிழிச்சிருங்க.”

“நீங்க படிச்சீங்களா, ஓசோஃபோ?”

“அந்தக் கருமத்த நான் ஏன் தொடணும்?”

தான் தொடாத கருமத்தை அடுத்தவர் கையில் திணிப்பதில் எங்கள் ஓசோஃபோவை அடிக்க ஆள் கிடையாது.

டீச்சர் முதலில் நன்றாகத்தான் கோடு போட்டாள். பாதிப் புத்தகத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டாள். பிழைத்த யூதாஸ், பெயர் தெரியாத ஒரு மீனவக் கிராமத்தில் முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு வலை பின்னுகிறான். ஒரு விடியலில் யாரோ ஒருவர் கரையில் நடந்து வந்து அவன் பக்கத்தில் உட்காருகிறார். “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்கிறார். அந்த இடத்தில் டீச்சர் அழுதாள். எத்தனையோ பிரசங்கத்தில் யூதாஸைத் திட்டித் தீர்த்தவள், அவனுக்காக அழுதது அதுதான் முதல் தடவை. அழுததற்காகத் தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் வழக்கப்படி யாரும் கடலுக்குப் போகக் கூடாது. அதனால் மீன்காரப் பெண்கள் எல்லோரும் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். முதலில் கதையைச் சொல்வோம், பிறகு கிழிப்போம் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, புத்தகத்தைக் கையில் பிடித்தபடி டீச்சர் ஆரம்பித்தாள். வகுப்பறையில் பழகிய வாய் அல்லவா, சொல்லச் சொல்ல ஊறியது. பெண்கள் விசிறுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். “சாப்பிட்டியா?” வரைக்கும் வந்தபோது தகரக் கூரை மேல் மழை கொட்டியது. பக்கத்தில் இருப்பவள் பேச்சே கேட்கவில்லை. கூட்டம் கலைந்தது.

இது வெறும் கட்டுக்கதை என்று அந்த மழையிலும் அவள் கத்திச் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். உள்ளதைச் சொன்னால், அவளுக்கு அதைக் கிழிக்க மனசு வரவில்லை.

வாசலில் ஆபா ந்யார்கோவா நின்றிருந்தாள். மீன் புகை போடுகிறவள். எழுத்து தெரியாது, ஆனால் எங்கள் கோயிலின் குரலே அவள்தான். பிரசங்கத்தின் நடுவே எந்தப் பெண்ணும் எழுந்து, கேட்ட கதையைப் பாட்டாக எடுக்கலாம். முடியும்வரை ஓசோஃபோ வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். ஆபா எடுத்தால் கூரையே கூடப் பாடும்.

அவளுடைய மகன் எபோ, வெடி வைத்து மீன் பிடித்த தன் சொந்தப் படகுக்காரர்களைப் போலீசில் காட்டிக் கொடுத்தவன். ஊர் அவன் முகத்தில் விழிக்க மறுத்தது. ஒருநாள் தூக்குப் போட்டுக்கொண்டான். அவனைக் கோயிலுக்குள் கொண்டுவர விடவில்லை, மணியும் அடிக்கவில்லை. ‘யூதாஸின் அம்மா’ என்று கிணற்றடியில் ஆபாவின் காதுபடவே சொன்னவர்கள் உண்டு.

“டீச்சர்,” என்றாள் ஆபா. முகம் முழுக்க மழையா கண்ணீரா தெரியவில்லை. “இத்தன வருசமா வேதத்துலேருந்து இத யாருமே எனக்குப் படிச்சுக் காட்டலியே. ஏன் டீச்சர்?”

டீச்சர் குடையை விரித்தாள். “நனையாம வீட்டுக்குப் போ, ஆபா,” என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் பெரிய வெள்ளி. எல்லோரும் கறுப்பு உடுத்தி வந்திருந்தோம். யூதாஸ் தூக்கில் தொங்கிய இடத்துக்கு வந்ததும் ஓசோஃபோ குரலை உயர்த்தினார். “துரோகிக்குக் கெடைச்சது கயிறு!” என்றார். ஆபா எழுந்தாள்.

கயிறு அறுந்தது ஆண்டவரே, கயிறு அறுந்தது,
கரையில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டியா என்றீர்.

பழக்க தோஷம், பெண்கள் எல்லோரும் பின்பாட்டு எடுத்துவிட்டார்கள். அப்படி ஒரு சந்தோஷமான பாட்டைப் பெரிய வெள்ளியில் யாரும் கேட்டதில்லை. ஓசோஃபோ முகம் கறுத்து மேசையைத் தட்டினார்.

“நிறுத்து! இது எந்த வேதத்துல இருக்கு?”

ஆபா பயப்படவே இல்லை. சிரித்தாள். “டீச்சர்தான் வாசிச்சாங்க ஓசோஃபோ. அவங்களையே கேளுங்க.”

அத்தனை தலையும் முன்வரிசைக்குத் திரும்பியது. டீச்சரின் இத்தனை வருட மரியாதை, பிரசங்கம் செய்யக் கிடைக்கும் முறை, பெண்கள் தலைவி என்ற பேர் எல்லாம் கண்முன் வந்து நின்றன.

“நான் அத பொய்யின்னு சொல்லித்தான் சொன்னேன்,” என்றாள். “அவளுக்கு எழுத்து தெரியாது. ஏதோ தப்பா வெளங்கிக்கிட்டா.”

செவ்வாய்க் கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல் ஆபா பாட்டு எடுக்கக் கூடாது என்று ஓசோஃபோ அங்கேயே சொன்னார். ஆபா உட்கார்ந்தாள்.

மறுநாள் டீச்சர் ஆபாவின் புகைக்கொட்டிலுக்குப் போனாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை. ஆபா கம்பித் தட்டில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள் டீச்சர். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆபா ஒரு முக்காலியைத் துடைத்து நகர்த்திப் போட்டாள்.

“ஒக்காருங்க டீச்சர். பொக கண்ணுல படாம இப்படித் திரும்பி ஒக்காருங்க.”

டீச்சர் உட்கார்ந்தாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தக் கயிறு அறுந்துச்சா, இல்லியா?”

டீச்சருக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது. நேற்று தனக்காகச் சொன்னாள், இன்று இவளுக்காகச் சொன்னால் என்ன? ஆனால் இன்னொரு பொய்யைத் தாங்க அவளிடம் தெம்பு இல்லை.

“இல்ல ஆபா. வேதத்துல அப்படி இல்ல. அது யாரோ எழுதுன கத.”

ஆபா தலையை ஆட்டினாள். ஒரு மீனை எடுத்து, வெந்துவிட்டதா என்று அமுக்கிப் பார்த்தாள்.

“செவ்வா ராத்திரி எபோ சட்டைய எடுத்துத் தொவச்சேன் டீச்சர். அவன் போனதுலேருந்து அதத் தொட்டதில்ல. அவனையும் யாராச்சும் சாப்பிட்டியான்னு கேட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்.” பிறகு நிமிர்ந்து பார்த்தாள். “பொய்ன்னு தெரிஞ்சும் ஏன் டீச்சர் அத அவ்வளவு அழகாச் சொன்னீங்க?”

டீச்சருக்குப் புகை இல்லாத பக்கம் உட்கார்ந்திருந்தும் கண் எரிந்தது.

ஈஸ்டர் காலையில் எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தோம். பிரசங்கத்தின் நடுவே டீச்சர் எழுந்தாள். பாட்டுத்தான் எடுக்கப்போகிறாளோ என்று ஓசோஃபோவே அசந்து நிறுத்திவிட்டார்.

“ஆபா தப்பா வெளங்கிக்கல,” என்றாள். “அது பொய்யின்னு நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்ல எனக்கு மனசு வரல. வெள்ளிக்கிழம இங்க பொய் சொன்னது நான்தான். அவ பாட்டப் பறிச்சதும் நான்தான்.”

“உக்காருங்க டீச்சர்,” என்றார் ஓசோஃபோ. “தடையெல்லாம் இல்ல. ஆபா பாடட்டும்.”

யாராவது மனம் உடைந்து பேசினால், அந்த இடத்தில் ஆபாவின் பாட்டு எழும். அதுதான் வழக்கம். கோயிலே திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தது. ஆபா வந்திருந்தாள். வெள்ளை உடுத்தி, கைகளை மடியில் வைத்து, டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில். வாய் மட்டும் திறக்கவில்லை.

டீச்சர் நின்றுகொண்டே காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம். கடைசியில் ஓசோஃபோ பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு எண்ணைச் சொன்னார். படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தைப் புரட்டிப் பாட ஆரம்பித்தார்கள். டீச்சரும் புத்தகத்தைத் திறந்தாள், எழுத்து எதுவும் தெரியவில்லை.

ஆபாவிடம் புத்தகம் இல்லை.