மருமகளுக்கு வெந்நீர்

"மருமகளைக் கூட்டிக்கிட்டு நீயும் வந்துடு, செலே" என்று வால்மிர் போனில் சொன்னான்.

செலெஸ்தே போனை மறு காதுக்கு மாற்றினாள். மருமகளை மட்டும் கேட்டிருந்தால் கூரியரில் அனுப்பியிருப்பாள். கூடவே தன்னையும் கேட்டதால்தான் நாற்காலியைத் தேடி உட்கார வேண்டியிருந்தது.

மருமகள் என்பது ஒரு ஈஸ்ட். பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, கணவனும் மனைவியுமாக இருவரும் பிரேசிலில் பிராசிகாபா பக்கம் ஓர் எத்தனால் ஆலையில் ஒன்றாக வேலை பார்த்தார்கள். கரும்புச் சாறு நொதிக்கும் தொட்டிகள் அவன் பொறுப்பு. பரிசோதனைக் கூடம் அவள் பொறுப்பு. அந்த வருடம் குளிர்விக்கும் கோபுரம் பழுதாகித் தொட்டிகளில் சூடு ஏறியது. விலை கொடுத்து வாங்கிப் போட்ட ஈஸ்ட் எல்லாம் செத்து அடியில் படிந்தது. ஒரே ஒரு தொட்டி மட்டும் எதுவும் நடக்காததுபோல நுரைத்துக்கொண்டே இருந்தது. கரும்போடு வயலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த ஒரு காட்டு ஈஸ்ட், வீட்டில் இருந்தவர்களை ஓரம் கட்டிவிட்டுத் தொட்டியைத் தன் வசமாக்கியிருந்தது.

"வெளியிலேர்ந்து வந்தவ, ஒரே மாசத்துல அடுப்படியவே பிடிச்சுட்டா பாரு. எங்கம்மா உன்னப் பத்திச் சொன்னது ஞாபகம் வருது" என்று வால்மிர் சிரித்தான். அன்றிலிருந்து அதற்கு மருமகள் என்று பெயர்.

அது எப்படித் தாங்குகிறது என்று செலெஸ்தே தேடிக் கண்டுபிடித்தாள். மற்ற குரோமோசோம்கள் எல்லாம் இரண்டிரண்டாக இருக்க, மூன்றாம் எண் குரோமோசோம் மட்டும் அதற்கு மூன்று பிரதி. அந்தக் கூடுதல் பிரதியில் இருந்த மரபணுக்களும் தங்கள் பங்குக்கு வேலை செய்ததால், சூட்டில் சுருண்டுபோகும் புரதங்களை நிமிர்த்த அதற்குக் கூடுதல் கை இருந்தது. அதே கூடுதல் பிரதியைக் கடையில் விற்கும் ரொட்டி ஈஸ்ட்டுக்கும் ஏற்றிப் பார்த்தாள். அது நொண்டிக்கொண்டு வளர்ந்தது, சூட்டையும் தாங்கவில்லை. மூன்றாவது பிரதி என்பது பலம் மட்டுமல்ல, பாரமும்கூட. அந்தப் பாரத்தைச் சுமக்கும் உடம்பு மருமகளுக்கு வாய்த்திருந்தது, ரொட்டி ஈஸ்ட்டுக்கு வாய்க்கவில்லை.

அந்த ஆலையில் அவர்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமில்லை. ஒரே அறை வீடு, ஒரே மோட்டார் சைக்கிள், கூரையில் ஒழுகும் மழை. சண்டை போடக்கூட இடம் போதாது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். பிறகு நல்ல காலம் வந்தது. அவளுக்குப் பிராசிகாபாவில் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அவனுக்கு வெகு தொலைவில் கோயாஸ் மாநிலத்தில் பெரிய ஆலையில் பெரிய பதவி. "போகாதே" என்று அவன் சொல்வான் என அவள் காத்திருந்தாள். அவள் சொல்வாள் என அவன் காத்திருந்தான். இருவருமே சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுப் பிரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசினார்கள். பிறகு பண்டிகைக்குப் பண்டிகை பேசினார்கள். இப்படியே எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்த எட்டு ஆண்டுகளும் மருமகளைச் செலெஸ்தேதான் காப்பாற்றினாள். மாதம் ஒருமுறை சர்க்கரையும் சத்தும் நிறைந்த புதுத் தட்டில் அதைப் பரப்பி, முளைத்து வரும் வெள்ளைப் புள்ளிகளில் நன்றாகக் கொழுத்ததாக ஒன்றைத் தொட்டெடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்து, ஃபிரிட்ஜில் தன் மதிய உணவு டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைப்பாள். ஒரு கார்னவல் விடுமுறையில் நிறுவனத்தின் உறைபெட்டி நின்றுபோய், உள்ளே முதலில் உறையவைத்திருந்த மருமகளின் மூலக் குப்பிகள் எல்லாம் கெட்டுப்போயின. அப்போதும் மருமகள் பிழைத்தது இந்தக் குழாயால்தான். அதை வால்மிரிடம் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்போது அவன் ஆலையில் புதுத் தொட்டிகள் வந்திருந்தன. குளிர்விக்கும் வசதி மட்டும் பழையதாகவே இருந்தது. சூடு தாங்கும் ஈஸ்ட் என்னிடம் இருக்கிறது என்று நிர்வாகத்திடம் வாக்குக் கொடுத்திருந்தான். அவளுக்காக வீடு ஒன்றும் வாடகைக்கு எடுத்திருந்தான். கரும்பு சீசன் நன்றாக அமைந்தால் ஆலையின் பரிசோதனைக் கூடத்திலேயே அவளுக்கு நிரந்தர வேலை.

செலெஸ்தே விடுப்பு எடுத்துக்கொண்டு போய் இறங்கினாள். பஸ் நிலையத்தில் நின்றவனுக்கு முன்னந்தலை வழுக்கையாகியிருந்தது.

"என்ன பாக்குற?"

"வயல் அறுவடை ஆயிடுச்சு போலிருக்கே."

"உனக்காகத்தான் வழி பண்ணி வெச்சிருக்கேன். வா, வீட்டப் பாத்துட்டுப் போலாம்."

"மொதல்ல இவ தொட்டியில எறங்கி நிக்கட்டும், வால்மிர். வீடு எங்க ஓடிடப் போகுது?"

அவன் முகம் லேசாக வாடியது. அவள் அதைக் கவனித்தாள். தோற்றுப்போன கையோடு அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது, ஜெயித்த கையோடு நுழைய வேண்டும் என்பது அவள் எண்ணம். அதை அவனிடம் சொல்லவில்லை. ஆலையின் விருந்தினர் அறையில் பெட்டியை வைத்தாள்.

ஈஸ்ட்டைக் குடுவையிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து சிறு தொட்டிக்கு என்று பெருக்கினார்கள். அது மருமகள்தானா என்று செலெஸ்தே மரபணு அடையாளச் சோதனையும் செய்து பார்த்தாள். சோதனையில் விழுந்த ஒவ்வொரு கோடும் பழைய படத்தோடு அச்சாகப் பொருந்தியது. மூத்த தொட்டிக்காரர் ஜெனேசியோ எட்டிப் பார்த்தார்.

"டாக்டரம்மா, மருமக எப்படி? மாமியார் வீட்டுக்கு ஏத்தவளா?"

"ரொம்ப அடக்கமானவ."

"அப்ப நம்ம வீட்டுக்கு ஆவாது. இங்க கத்துறவதான் பொழைப்பா!"

வால்மிர் விழுந்து விழுந்து சிரித்தான். அன்று மதியம் ஆலைச் சாப்பாட்டில் பெக்கிப் பழச் சோறு. உள்ளே முள் இருக்கும் அந்தப் பழத்தை அவன் கடிக்காமல் பல்லால் சுரண்டித் தின்றான். தன் தட்டில் இருந்ததில் மிக மஞ்சளான துண்டை எடுத்துப் பேச்சில்லாமல் அவள் தட்டில் வைத்தான். ஒற்றை அறை வீட்டிலும் அப்படித்தான் செய்வான்.

சீசன் தொடங்கியது. முதல் வாரம் தொட்டிகள் அழகாக நுரைத்தன. வழக்கப்படி ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்து, கிருமிகள் சாக அமிலம் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி தொட்டிக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் மழை சுத்தமாக நின்று வெயில் பிடித்துக்கொண்டது. தொட்டிகளில் சூடு ஏறியது.

"இப்பதான் இவ ஆட்டம் ஆரம்பம்" என்று வால்மிர் சொல்லிக்கொண்டு போனான்.

மறுநாள் செலெஸ்தே நுண்ணோக்கியில் பார்த்தபோது, சாயம் போட்டுப் பார்த்த செல்களில் பாதிக்குப் பாதி நீலமாக இருந்தன. நீலம் என்றால் செத்தது. தொட்டியில் சர்க்கரை அப்படியே மிஞ்சிக் கிடந்தது. ஈஸ்ட் குழம்பின் நிறம் அழுக்கு நீர் போல மாறியது.

தான் கொண்டுவந்த குழாயிலிருந்து எடுத்து ஒரு தட்டில் பரப்பி, அதைச் சூட்டுப் பெட்டியில் வைத்தாள். இரண்டு நாளாகியும் தட்டு வெறுமையாகவே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடையாளச் சோதனை அது யார் என்று சொல்லும். எத்தனை பிரதி சுமக்கிறது என்று சொல்லாது.

குளிரும் சர்க்கரையுமாக வாழ்ந்த மருமகளுக்கு மூன்றாவது பிரதி எதற்கு? தற்செயலாக அதைக் கைவிட்ட செல், பாரம் குறைந்து வேகமாகப் பெருகியிருக்கும். மற்றவற்றைவிடக் கொழுத்த புள்ளியாகத் தட்டில் நின்றிருக்கும். மாதாமாதம் அந்தக் கொழுத்த புள்ளியைத்தானே அவள் தேடித் தேடி எடுத்தாள்? கொடுத்த செல்லத்தில்தான் அந்தப் பிரதி போயிருந்தது. ஒருதரம்கூடச் சூட்டில் வைத்துப் பார்க்கவில்லை. பாவம், எதற்கு வதைக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

வால்மிரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இங்க கொண்டு வர்றதுக்கு முன்னாடி சூட்டுல வெச்சுப் பாத்தியா?"

"இல்ல."

"நானும் பாத்தியான்னு கேக்கலையே" என்றான் அவன். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் அந்தத் தட்டின் ஓரத்தில் ஊசிமுனை அளவில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் முளைத்தன. செலெஸ்தே தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோடிக்கணக்கானவற்றில் ஏதோ சில செல்கள், பிரியும்போது நடந்த பிசகில் மூன்றாவது பிரதியை மறுபடி பெற்றிருக்க வேண்டும். உடம்பு அதே உடம்புதான்; சுமக்கத் தெரிந்த உடம்பு. தட்டிலேயே வந்திருக்கிறது என்றால், அந்தச் சூட்டில் கிடக்கும் தொட்டிக்குள் இன்னும் எத்தனை இருக்கும்! ஒரு தொட்டியை மட்டும் பாதிச் சாறோடு அதே சூட்டில் விட்டுவைத்தால் பத்து நாளில் பழைய மருமகள் எழுந்து நிற்பாள்.

ஆனால் உறுதியாகச் சொல்ல முடியுமா? ஒருமுறை நம்பிக்கையாகச் சொல்லி அவன் பெயரைக் கெடுத்தாகிவிட்டது. அந்தப் புள்ளிகளை இன்னொரு தட்டில் பரப்பி அதே சூட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, நாளை வளர்ந்தால் சொல்லலாம் என்று எண்ணினாள்.

மறுநாள் புதுத் தட்டிலும் வளர்ந்திருந்தது. தட்டை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு தொட்டிக் கூடத்துக்கு ஓடினாள். ஜெனேசியோ தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தொட்டிகளில் அமில நெடி அடித்தது.

"எங்க எல்லாம்?"

"வால்மிர் அண்ணன் காலையிலயே எல்லாத்தையும் கீழ ஊத்தச் சொல்லிட்டாரு, டாக்டரம்மா. எல்லாத் தொட்டியும் கழுவியாச்சு. வாங்கின ஈஸ்ட் லாரியில வந்துட்டிருக்கு. மேலேர்ந்து ரொம்ப நெருக்கினாங்க."

வால்மிர் படியில் இறங்கி வந்தான். அவள் கையில் இருந்த தட்டைப் பார்த்தான். தொழில் தெரிந்தவன், விளக்கம் தேவைப்படவில்லை.

"எப்பத்திலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"நிச்சயமானதும் சொல்லலாம்னு... நீ ஏன் ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்கல?"

"உன் முன்னால ஊத்தினா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு, நீ எந்திரிக்கிறதுக்குள்ள முடிச்சிடலாம்னு நெனச்சேன்."

இருவரும் காலித் தொட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஜெனேசியோ தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

இனி இந்த ஆலையில் வாங்கின ஈஸ்ட்தான் என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. பரிசோதனைக் கூடத்து வேலையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. வால்மிர் இரவுப் பணிக்கு மாற்றப்பட்டு, ஆலைக்குள்ளேயே தங்கும்படி ஆயிற்று. செலெஸ்தேவின் விடுப்பும் முடிந்தது.

ஊருக்குக் கிளம்பும் நாள், பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் அந்த வாடகை வீட்டின் முன்னால் வால்மிர் வண்டியை நிறுத்தினான்.

"இந்த வீட்டுச் சாவியத் திருப்பிக் கொடுத்துடப் போறேன். வந்ததுக்கு ஒரு காபியாவது குடிச்சிட்டுப் போ."

சின்ன வீடு. வெளியே ஒரு ஜபுத்திகாபா, தண்டிலேயே பூத்துக் காய்க்கும் பழமரம்; தண்டெல்லாம் மொக்கு. உள்ளே அடுப்பையும் காபிச் சாமானையும் தவிர வேறெதுவும் இல்லை. அவன் வெந்நீர் வைத்தான். அவள் சமையல் மேடையில் கையை ஊன்றி நின்றாள். ஏதோ வித்தியாசமாக இருந்தது. முழங்கை சரியாக மேடைமேல் அமர்ந்திருந்தது.

அவள் குள்ளம். வாழ்நாள் முழுக்கச் சமையல் மேடைகள் எல்லாம் அவளுக்கு உயரம்தான். ஒற்றை அறை வீட்டில் ஒரு பலகைமேல் நின்றுதான் சமைப்பாள்; அந்தப் பலகையில் இடறி வால்மிர் விழாத வாரம் கிடையாது. குனிந்து பார்த்தாள். மேடையின் கீழே சிமெண்ட் புதிதாக இருந்தது. சுவரில் பழைய மேடை இருந்த உயரத்துக்கு ஒரு கோடு தெரிந்தது.

"இத எப்ப எறக்கின?"

"நீ வர்றேன்னு சொன்ன மறுநாளு."

"சொல்லியிருக்கலாமே, வால்மிர்."

"வந்து பாத்தா தெரியும்னு இருந்துட்டேன்." காபியை வடிகட்டினான். "உயரம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு" என்றாள். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவாள் போலிருந்தது. அவனும் திரும்பி நின்று சர்க்கரையைத் தேடினான். சர்க்கரை அவன் கண்ணெதிரில்தான் இருந்தது.

பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்றான். "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றான். "நீயும் பண்ணு" என்றாள். இருவரும் சொன்னது அவ்வளவுதான்.

அவள் மடியில் ஒரு வாய் அகன்ற பிளாஸ்க் இருந்தது. உள்ளே வெதுவெதுப்பான தண்ணீர். அதில் மிதக்கும் ஒரு கண்ணாடிக் குழாய். குழாயில் அந்தத் தட்டில் முளைத்த மருமகள். குளிரவிட்டுச் சும்மா வைத்தால் மறுபடி பாரத்தை இறக்கிவிடுவாள் என்று இப்போது தெரியும். தண்ணீர் ஆற ஆற மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

பொழுது சாயும் நேரம், சாலையோர ஓட்டலில் பஸ் நின்றது. செலெஸ்தே பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போய், சீஸ் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மாளிடம் வெந்நீர் கேட்டாள்.

"கொழந்தைக்கா?"

"இல்லம்மா. மருமகளுக்கு."

"ஐயோ, உடம்பு சரியில்லையா? ஏன், வீட்ல அவளப் பாத்துக்க யாரும் இல்லையா?"

செலெஸ்தே பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தாள். கொதித்தது. கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மறுபடி விரலை விட்டாள்.

"இருந்தோம்" என்றாள். "ரெண்டு பேர் இருந்தோம்."