சிலந்தியின் எட்டாவது கால்

நாலாம் வகுப்பு டீச்சருக்கு எது கோணலாக இருந்தாலும் கை அரிக்கும். வகுப்பறை நோட்டீஸ் போர்டை இத்தனை வருடமும் அவரே வெட்டி, ஒட்டி, ஸ்கேல் வைத்து அளந்து குத்துவார். பள்ளியில் சிறந்த போர்டுக்கான பரிசும் தவறாமல் அவருக்கே வரும். இந்த வருடம் தலைமையாசிரியை அதில் மண்ணைப் போட்டார். போர்டைப் பிள்ளைகள்தான் செய்ய வேண்டும், டீச்சர் கை பட்டால் பரிசு கிடையாது என்று சொல்லிவிட்டார். டீச்சரும் வேறு வழியில்லாமல், போர்டைத் தொடவே மாட்டேன் என்று பிள்ளைகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தார்.

பிள்ளைகள் எடுத்த தலைப்பு பூச்சிகள். ஆளுக்கொரு படம் வரைந்து, அவரவர் கைக்கு எட்டிய இடத்தில் குத்தினார்கள். கீழ்ப்பாதியில் எறும்பும் வண்டும் தட்டானும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்தன. மேல்பாதி மொட்டையாகக் கிடந்தது. நடுவே ஒரு சிலந்தி. சிலந்தி பூச்சியே இல்லை என்று நாக்கு நுனி வரை வந்ததை டீச்சர் விழுங்கிக்கொண்டார். அதற்கு ஏழு கால்தான் இருந்தது. அதை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை.

மாலை மணி அடித்து எல்லோரும் போனபின், மறந்து வைத்த தண்ணீர் பாட்டிலை எடுக்க வந்தார். ஒரே ஒரு தட்டானை நேராக்கலாம் என்றுதான் தொட்டார். அப்புறம் கை நிற்குமா? எறும்புகள் வரிசையில் நின்றன. வண்டுகளும் சிலந்தியும் மேல்மாடிக்குக் குடிபோயின. சிலந்திக்கு விட்டுப்போன காலையும் வரைந்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வீட்டுக்குப் போனார்.

மறுநாள் தலைமையாசிரியை போர்டைப் பார்க்க வந்தபோது வகுப்பே கொதித்துக்கொண்டிருந்தது. யாரோ உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டார்களாம். எதற்கெடுத்தாலும் வாதாடும் 'குட்டி வக்கீல்' விசாரணை நடத்திக்கொண்டிருந்தாள். சிலந்தி அவள் வரைந்தது. அவள் வீட்டுக் கதவிடுக்கில் ஒரு காலைப் பறிகொடுத்த சிலந்தியாம் அது. நேரில் பார்த்து வரைந்தாளாம்.

காற்று அடித்திருக்கும் என்றார் டீச்சர், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

"காத்து சிவப்பு மையில கால் வரையுமா டீச்சர்? பக்கத்துல டிக் வேற போட்டிருக்கு."

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கால் வரைந்தது நினைவிருந்தது. டிக் போட்டது சத்தியமாக நினைவில்லை.

தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "டிக்குக்குக் கீழ கையெழுத்தும் தேதியும் இருக்கே. உங்களோடதுதானே?"

வெட்கம் டீச்சரைப் பிடுங்கித் தின்றது. பரிசு போனது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் பார்த்த பார்வைதான் சுட்டது. தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். பிள்ளைகள் மூலையில் கூடிக் குசுகுசுத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். டீச்சரும் ஒரு பூச்சி வரைய வேண்டும். திருத்துவது அவர்கள்.

டீச்சர் பட்டாம்பூச்சி வரைந்தார். ஸ்கேல் கேட்டார், கொடுக்கவில்லை. குட்டி வக்கீல் அவருடைய சிவப்புப் பேனாவையே வாங்கி, கால்களை எண்ணி, 'நாலு போதாது. ஆறு வேண்டும். மறுபடி வரைக' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டாள். பிறகு பூச்சிகளெல்லாம் பழைய இடத்துக்கு இறங்கின. பட்டாம்பூச்சியை அவற்றின் நடுவே, ஒற்றைக் குண்டூசியில், தலைகீழாகக் குத்தினார்கள்.

அன்று முழுக்க டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பாடம் நடத்தினார்.