என் மூஞ்சிக்கு ஒட்டாத குரல்

கம்பாலாவில், கட்வே வீடியோ கொட்டகையில் பதினெட்டு வருஷமாக மைக் பிடிக்கிறேன். வெளிநாட்டுப் படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்கள் லுகாண்டா மொழியில் நான் பேசுவேன். கதாநாயகன், வில்லன், கிழவி, குதிரை, எல்லாவற்றுக்கும் என் தொண்டைதான்.

போன வருஷம் ஜிஞ்ஜா ஊருக்கு வந்த வெளிநாட்டுப் படக்குழு எனக்கும் ஒரு வேடம் கொடுத்தது. போலீஸ் அதிகாரி, நாலு நிமிஷம். அந்தப் படம் நேற்று மத்தியானம் எங்கள் கொட்டகைக்கே வந்தது. திரையில் என் முகம் வந்ததும், முதல்முறையாக மைக்கில் என் சொந்தக் குரலில் பேசினேன்.

முன் பெஞ்சிலிருந்து வேர்க்கடலை விற்கும் நாலோங்கோ கத்தினாள். "யோவ் லுப்வாமா! அந்த ஆளுக்கு இந்தக் குரல் ஒட்டவே இல்ல!"

"அது நான்தான், நாலோங்கோ!"

"தெரியுது, எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? நீயா இருந்தா என்ன? போலீஸ்காரன் கணக்கு வாத்தியாராட்டம் பேசுறான். வேற போடு!"

கொட்டகையே "மாத்து, மாத்து" என்று கூச்சலிட்டது. வந்த ஆத்திரத்தில் மைக்கை அவள் கூடையிலேயே எறிந்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, வில்லன்களுக்குப் போடும் கரகரப்பை எனக்கே போட்டேன்.

நாலோங்கோ கைதட்டினாள்.

"இப்பத்தான்யா நீ உன்னை மாதிரி இருக்கே!"