படத்தில் ஒன்றும் இல்லை

என் முதுகெலும்பு உடைந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பெரிதாக வேண்டாம். இடுப்புக்கு மேலே ஏதாவது ஒரு முள்ளெலும்பு முன்பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தால் போதும். வயதான பெண்களின் எக்ஸ்ரே படங்களில் நான் அதை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சதுரப் பெட்டிகளில் ஒன்று மட்டும் ஒரு பக்கம் தாழ்ந்து, மரம் பிளக்கிற ஆப்பு மாதிரி இருக்கும். 'ஆப்பு எலும்பு' என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. வீட்டில் அம்மாவைத் தூக்குவது என் வேலை. அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட பிறகு தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, அம்மா எழுந்து நிற்கவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் நான்தான். அக்குளுக்குக் கீழே கைகளைக் கொடுத்து, முழங்காலை அவள் முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி, "ஒண்ணு, ரெண்டு" என்பேன். சரியாக "ரெண்டு" என்னும்போது அம்மா உடம்பைத் தளரவிட்டுவிடுவாள். வேண்டுமென்று செய்வதில்லை. அந்த நொடியில் என் இடுப்பில் ஏதோ பளீரென்று வெட்டும்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்திருந்தபோது சொன்னேன்.

"முதுகுவலி யாருக்குத்தான் இல்ல? நானே நாள் பூரா வண்டி ஓட்டுறேன்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தான். "அக்கா, நீயே அந்த வேலையிலதானே இருக்க. ஒரு படம் எடுத்துப் பாரு. ஏதாவது இருந்துச்சுன்னா அம்மாவை நான் கூட்டிட்டுப் போயிடறேன். சும்மா சொல்லல."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏலம் விடுறதுன்னா கொஞ்சம் சத்தமா விடுங்கடா. சரக்குக்கும் காது கேக்கணும்."

தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'ஏதாவது இருந்துச்சுன்னா' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுவிட்டேன். அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் வலியை யாரும் நம்புவதில்லை, படத்தைத்தான் நம்புவோம். அந்தப் பழக்கம் என் வேலையோடு வீட்டுக்குள் வந்தது.

எலும்பு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். மதியம் கூட்டம் குறைந்ததும் புதுப்பொண்ணு என்னைக் கூப்பிட்டாள். அவள் என்னோடு எக்ஸ்ரே எடுக்கச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது, இன்னும் பெயர் அதுதான்.

"ஆப்பு இருந்துச்சுன்னு வைங்கக்கா, அது உங்க தம்பிக்கு வச்ச ஆப்பு" என்றாள்.

மேசை சில்லென்று இருந்தது. எல்லோரும் சொல்வார்கள். நானும் "ரெண்டே நிமிஷம்மா" என்று சொல்லிக் கடந்துபோவேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து முழங்கால்களை மடக்கிவிட்டாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய், "மூச்சை இழுங்க. விடுங்க. அப்படியே நிறுத்துங்க" என்றாள். இயந்திரம் முனகி ஓய்ந்தது.

'இப்ப மூச்சு விடலாம்' என்ற கடைசி வாக்கியம் வரவில்லை. யாரோ கதவைத் தட்ட, அவள் பேசப் போய்விட்டாள். படம் பதிவாகிவிட்டது, இனி எவ்வளவு வேண்டுமானாலும் மூச்சு விடலாம் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும். ஆனாலும் அசையாமல் கிடந்தேன். காலையிலிருந்து யாருக்காகவும் அசைய வேண்டியிராத முதல் நேரம் அது என்று தோன்றியது. நெஞ்சு அடைக்கிறவரை அதை விட மனம் வரவில்லை.

"ஐயோ, மறந்தே போயிட்டேன். மூச்சு விடுங்கக்கா" என்று ஓடிவந்தாள்.

உடுப்பை மாற்றிக்கொண்டு வந்தபோது திரையில் படம் இருந்தது. கண் தன் வழக்கப்படி போயிற்று. கடைசி விலாவிலிருந்து கீழே எண்ணியது, ஓரங்களைத் தடவியது, இடைவெளிகளை ஒப்பிட்டது.

"நார்மல். அடுத்தவங்களைக் கூப்பிடு" என்றேன்.

புதுப்பொண்ணு என்னைப் பார்த்தாள். "அக்கா, இது நீங்க."

நான்தான். ஐந்து பெட்டிகளும் வரிசை கலையாமல் நின்றன. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது போல ஓரங்கள். நடுவே இருக்கும் இடைவெளிகள் ஒன்றுக்கொன்று சளைக்காமல் இருந்தன. எவ்வளவோ முதுகுகளைப் பார்த்திருக்கிறேன். இந்த வயதில் இவ்வளவு ஒழுங்கான ஒன்றைப் பார்த்த நினைவில்லை.

"பாடப்புத்தகத்துல போடலாம். என்னுதைக் குடுத்துட்டு இதை வாங்கிக்கவா?" என்றாள் அவள், சந்தோஷமாக.

எனக்கு ஃபெயிலான மாதிரி இருந்தது.

அதே கணினியில் காலையில் வந்த ஒரு பெண்ணின் படம் இருந்தது. என் வயதுதான். தனியாக பஸ்ஸில் வந்தவள். "திரும்பினா உசுரு போகுதும்மா" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் படுத்தாள். அவளுடையதில் ஆப்பு பளிச்சென்று தெரிந்தது. அதைத் திறந்து, மேலே இருந்த பெயர் வராதபடி போனில் ஒரு படம் எடுத்தேன். தம்பிக்கு விலா எது, முதுகு எது என்று தெரியாது. யாருடைய எலும்பு என்று எலும்பில் எழுதியிருப்பதில்லை.

புதுப்பொண்ணு பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "நான் ஒண்ணும் பார்க்கலக்கா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

அனுப்பவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அனுப்பினால் நாளையிலிருந்து அந்த முதுகோடு நான் நடமாட வேண்டும். உட்காரும்போது முனக வேண்டும், பெல்ட் கட்ட வேண்டும், யாராவது கேட்டால் இப்போது பரவாயில்லை என்று சொல்ல ஒரு நாளைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். இன்னொன்றையும் தூக்க எனக்குத் தெம்பில்லை. அழித்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன்.

"எடுத்தியா? என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. எலும்பு நல்லா இருக்கு."

"அப்பாடா. பயந்தே போயிட்டேன்க்கா." உண்மையாகத்தான் சொன்னான், குரலே லேசாகிவிட்டது.

"ஆனா என்னால அம்மாவைத் தூக்க முடியலடா."

"அதான் ஒண்ணும் இல்லன்னு சொல்றியே."

"ஒண்ணும் இல்ல. முடியலை."

அவன் பக்கத்தில் வண்டிகளின் ஹாரன் கேட்டது. "அப்ப உனக்கு என்னதான் செய்யுது?"

வருகிறவர்களிடம் எங்கே வலிக்கிறது, ஒரு விரலால் காட்டுங்கள் என்பேன். எனக்கு விரலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "காட்டத் தெரியல. முடியலை, அவ்வளவுதான்."

"இப்படித் திடீர்னு சொன்னா எப்படிக்கா? வீட்ல கேக்கணும். இருக்கிறது பிள்ளைங்க ரூம் ஒண்ணுதான்."

இந்த இடத்தில் வழக்கமாக நான் 'சரி விடு, நான் பாத்துக்கறேன்' என்பேன். இன்று அதைப் பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டேன். போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அம்மா கட்டில் என்ன அகலம் இருக்கும்? எங்க வாசல் குறுகல்" என்றான் கடைசியில்.

சாயங்காலம் வீட்டில் டேப் கிடைக்கவில்லை. குனிந்து கட்டில் சட்டத்தைச் சாண் போட்டு அளந்தேன்.

"என்ன, சவப்பெட்டி செய்ய ஆள் சொல்லிட்டியா?" என்றாள் அம்மா.

"தம்பி வீட்டு வாசல்ல நுழையுமான்னு பாக்கறேன்."

அம்மா போர்வையின் மடிப்பை நீவிவிட்டாள். நான் நிமிரவில்லை.

"படத்துல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"இருக்காது. நான் பெத்த எலும்பு." எங்கள் ஜன்னலைப் பார்த்தாள். "அங்க ஜன்னல் எந்தப் பக்கம்னு கேட்டியா?"

"கேக்கல."

"கேளு. காலை வெயில் மூஞ்சில அடிச்சா எனக்கு ஆகாது."

"கேக்கறேம்மா" என்றேன். பேச்சில் சாண் கணக்கு விட்டுப்போயிருந்தது. முதலிலிருந்து மறுபடி அளந்தேன்.