இரண்டாவது புட்டி

டிப்போவில் நனைத்துப் பார்த்த சோதனைப் பட்டையில் வரவேண்டிய கோடு வரவில்லை. அவ்வளவுதான். பதினொரு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவளை, பிள்ளை பெற்றுத் திரும்பி வந்த மூன்றாம் வாரம், போதை மாத்திரை போட்டவள் என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு எடுத்த சிறுநீரில் பாதியை இன்னொரு புட்டியில் ஊற்றி அவள் கண்முன் முத்திரை வைத்திருந்தார்கள். இந்த இரண்டாவது புட்டியும் அதையே சொன்னால் லைசென்ஸ் போய்விடும். முத்திரையை உடைக்கும்போது கூடவே இருக்கலாம் என்று விதி இருந்ததால் டிரைவரம்மா ஆய்வகத்துக்கு வந்திருந்தாள். துணைக்கு வாயாடி நாத்தனார்.

ஆய்வாளர் இருபத்தைந்து வயதுப் பெண். முத்திரை எண்ணைப் படிவத்தோடு ஒத்துப் பார்த்து, தானும் டிரைவரம்மாவும் கையெழுத்துப் போட்டபின், புட்டியைத் திறந்தாள். கொஞ்சம் எடுத்து, நீரும் வேறொரு புட்டியிலிருந்து ஒரு சொட்டும் கலந்து, சுழற்றி, வடிகட்டி, சுண்டுவிரல் நுனி அளவுக் கண்ணாடிக் குப்பியில் அடைத்தாள். அறை மூலையில் அடுக்கடுக்காகப் பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன.

"இவ்ளோ பெரிய மிஷினுக்கு இத்துனூண்டா?" என்றாள் நாத்தனார்.

"இதுகூட அதிகம். ஒரு சொட்டுல பத்துல ஒரு பங்கு போதும்."

"எங்க வீட்டுக்காரருக்கு இந்தப் பசி இருந்தா நான் பொழைச்சிருப்பேன்."

டிரைவரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "என்ன பண்ணப்போறீங்கன்னு சொல்லும்மா. தெரியாம உக்காந்திருக்க முடியலை."

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள்போல, இழுப்பறையிலிருந்து பழைய எஃகுக் குழாய் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள். விரல் நீளம், நல்ல கனம்.

"இதுக்குள்ள மாவைவிட நைசான தூள் இறுக்கி அடைச்சிருக்குக்கா. பம்பு ஒரு பக்கத்துலேருந்து திரவத்தைத் தள்ளும். சிறுநீர்ல இருக்கிற அத்தனை பொருளும் அதோட போகும். தூளைப் பிடிச்சுப்போனது ஒட்டி ஒட்டி மெதுவா வரும். பிடிக்காதது விறுவிறுன்னு வந்துடும்."

"ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்கிற வண்டியும், நிக்காம வர்ற வண்டியும்."

"அதேதான்! பம்பு வேகம், சூடு எதையும் மாத்தலைன்னா ஒவ்வொண்ணும் தினமும் அதே நேரத்துக்குத்தான் வந்து சேரும்."

"மழை, டிராபிக், எதுவும் கிடையாதா?" டிரைவரம்மா குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்படி ஒரு ரூட் அவளுக்கு வாய்த்ததில்லை.

குழாயை விட்டு வெளியே வருவது எடை போடும் பெட்டிக்குள் போகும் என்று அந்தப் பெண் தொடர்ந்தாள். ஊசி முனையிலிருந்து தூறலாகப் பீய்ச்சி, மின்சாரம் ஏற்றி, சூடான காற்றில் துளிகளை உலர்த்தினால், உள்ளே இருக்கும் மூலக்கூறு மின்னேற்றத்தோடு தனியாகப் பறக்கும். காற்றே இல்லாத அறையில் நான்கு கம்பிகளுக்கு நடுவே அதை ஓட்டுவார்கள். கேட்ட எடை மட்டும் நேராகப் போகும். மற்றதெல்லாம் தடுமாறி ஒதுங்கிவிடும். தப்பி வந்ததை வாயுவில் மோதவிட்டு உடைத்து, துண்டுகளை மறுபடி எடை போடுவார்கள்.

"உடைச்சு வேற பாக்கணுமா? எடை தெரிஞ்சா போதாதா?" என்றாள் நாத்தனார்.

"ஒரே எடையில ரெண்டு பேர் இருக்கலாமே. நீங்க தேடுற மாத்திரை நூத்தைம்பது எடையில தெரியும்."

"நாங்க எங்கம்மா தேடினோம்?"

"சரி, டிப்போ தேடுது. அதுக்கு ஒரு ரெட்டைப்பிறவியையும் செஞ்சு வெச்சிருக்கோம். கனமான ஹைட்ரஜன் போட்டது. அஞ்சு எடை கூட. மத்தபடி குணம் ஒண்ணுதான். வெறும் தண்ணி போற குப்பியைத் தவிர எல்லாத்துலயும் அதையும் ஒரு சொட்டு கலந்துதான் அனுப்புவோம். குழாய்ல ரெண்டும் கைகோத்துட்டுத்தான் வரும்."

முதலில் வெறும் நீர் போயிற்று. திரையில் கோடு படுத்தே கிடந்தது. அடுத்து, அந்தப் போதைப்பொருளையே அறிந்த அளவில் போட்ட குப்பி. நான்கு நிமிஷம் பத்து விநாடியில் இரண்டு மேடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக எழுந்தன.

மூன்றாவது அவளுடையது. டிரைவரம்மா நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நிமிஷம். நான்கு. ஒரு மேடு எழுந்து விழுந்தது. கொஞ்சம் கழித்து நூற்றைம்பதின் கோட்டில் இன்னொரு மேடு, நல்ல உயரமாக.

ஆய்வாளர்ப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது; திரையை நோக்கிக் குனிந்தாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணி, நான் அண்ணன்கிட்ட பேசிக்கிறேன்."

"சும்மா இரு." டிரைவரம்மா திரைக்கு அருகே போனாள். அவள் கண் மேட்டின்மேல் இல்லை. கீழே ஓடிய நேரத்தில் இருந்தது. "ஏம்மா, ரெட்டைப்பிறவி நாலு பத்துக்கே வந்துட்டா. என்னோடது நாலு முப்பத்தொண்ணு. கைகோத்துட்டு வரும்னியே?"

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "நானும் அங்கதான்க்கா பாத்துட்டிருந்தேன். இருபத்தோரு விநாடி. ஆனா அதை மட்டும் வெச்சு எழுதக்கூடாது. உடைஞ்ச துண்டையும் பாத்துடலாம்."

தேடும் மாத்திரை உடைந்தால் தொண்ணூற்றொன்று, நூற்றுப்பத்தொன்பது என்று இரண்டு துண்டுகள் கிடைக்க வேண்டும். தொண்ணூற்றொன்று இருந்தது. நூற்றைம்பது உடைந்து வந்த அந்தத் துண்டுதான் பயமுறுத்திய மேடாகத் தெரிந்திருந்தது. மற்றதைத் திறந்தாள். கோடு அசையவே இல்லை. என்னதான் உடைகிறது என்று எல்லாத் துண்டுகளையும் காட்டச் சொன்னபோது, நூற்றுமுப்பத்துமூன்று வந்து நின்றது.

"பதினேழு குறைஞ்சிருக்கு. டிப்போ தேடுறது உடைஞ்சா முப்பத்தொண்ணு குறையணும். இது வேற ஆள்." அவள் குரலில் குதூகலம் திரும்பியிருந்தது. "ஒரு பிரஷர் மாத்திரை உடம்புல கரையும்போது இப்படி ஒண்ணு வரும். அணுவுக்கு அணு எண்ணினாலும் அதே கணக்கு, அடுக்கியிருக்கிற விதம்தான் வேற. பட்டை அதுலதான் ஏமாறும். ஆனா படிவத்துல மாத்திரை எதுவும் சாப்பிடலைன்னு எழுதியிருக்கீங்களே?"

டிரைவரம்மா நாத்தனாரை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "பிரசவத்துல பிரஷர் ஏறிச்சு. இன்னும் மாத்திரை போடறேன். தெரிஞ்சா வண்டி தரமாட்டாங்களோன்னு..."

"எங்ககிட்டகூடச் சொல்லலையே அண்ணி!"

"உன்கிட்ட சொன்னா ஊருக்கே மைக் வெச்ச மாதிரி."

ஆய்வாளர்ப் பெண் குளிர்பெட்டியிலிருந்து அந்தப் பொருளின் தூய மாதிரியை எடுத்து ஓட்டினாள். நான்கு முப்பத்தொன்று. அதே துண்டுகள். அறிக்கையில் "தேடிய பொருள் இல்லை" என்று எழுதி, மேலதிகாரியின் கையெழுத்துக்கு அனுப்பினாள். "பிரஷர் விஷயத்தை டிப்போ டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்கக்கா. ரெண்டு வாரம் பாத்துட்டு ஓட்டுங்கன்னுகூடச் சொல்லலாம். அது அவர் கையில."

"சொல்லிடறேன். ரெண்டு வாரம்தானே."

வெளியே வந்ததும் நாத்தனார் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டாள். "அண்ணே, ஒண்ணும் இல்லையாம்! தராசுல போட்டாங்க, எடை சரியா வரலை, விட்டுட்டாங்க..."

டிரைவரம்மா போனைப் பிடுங்கினாள்.

"அவ சொல்றதைக் கேக்காதீங்க. எடை சரியாத்தாங்க இருந்துச்சு, அதுதான் விஷயமே. இருங்க, முதல்லேருந்து சொல்றேன். விரல் நீளத்துக்கு ஒரு குழாய்..."