வல்லரசுவின் தார்ப்பாய்

மாசி பிறந்ததிலிருந்து பெருமுக்கல் பக்கத்து வானத்துக்குப் புத்தி ஒரு நிலையில் இல்லை. விடியலில் எலும்பைத் துளைக்கும் பனி, பத்து மணிக்கெல்லாம் சித்திரை வெயில், சாயங்காலம் கார்த்திகை மேகம். களத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயப்போட்ட வல்லரசு தார்ப்பாயைப் போர்த்தினால் வெயில் அடித்தது, பிரித்தால் தூறியது. ஒருநாள் கூத்தில்லை, தினமும் இதே கதைதான்.

முதலில் சிரித்தவர்கள் பிறகு கவனிக்கத் தொடங்கினார்கள். பக்கத்துக் களத்து ஆனந்தராஜ் செல்போனில் வானிலை பார்ப்பதையே விட்டுவிட்டான். வல்லரசு போர்த்தினால் ஊரே பரப்பும். அவன் பிரித்தால் ஊரே மூடும். ஊரார் மல்லாட்டை கலகலவென்று காய்ந்தது. அவனுடையதில் பாதி முளைவிட்டது.

"ஊருக்காவது நல்லது பண்ணிக்கினு இருக்கியே, போதும்" என்றாள் அவன் மனைவி அருணா.

வெள்ளிக்கிழமை வானூரில் ஒரு கல்யாணம். புறப்படும்முன் வல்லரசு மிச்சமிருந்ததைப் போர்த்தி, நாலு மூலையிலும் கல் வைத்தான். ஆனந்தராஜ் அதைப் படம் எடுத்து ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டான். பிடுங்கி வைத்திருந்தவர்கள் எல்லாரும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து களத்தில் கொட்டிப் பரப்பினார்கள்.

பந்தியில் பாயசம் வரும்போது மழை பிடித்தது. கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் போனது.

திரும்பிவந்த வல்லரசு தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான். ஒரு மல்லாட்டைகூட நனையவில்லை. சுற்றிலும் ஊரே முழங்கால் சேற்றில் நின்று தன் மல்லாட்டையை அள்ளிக்கொண்டிருந்தது.

"உன்ன நம்பித்தான பரப்புனோம்ண்ணா" என்றான் ஆனந்தராஜ். "இப்புடிக் கழுத்த அறுத்துட்டியே."

வல்லரசு மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.