அரை அடி புதையாத வேலி

கவுன்ட்டி இன்ஸ்பெக்டர் வேட் ஸ்டானலண்ட், மழைக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்து இறங்கினார். இந்த ஆட்கள் வேறு எப்போது வருவார்கள்? கரோலினா கடற்கரைக்கு மேலே வானம் கறுத்துக் கிடந்தது. வீடு கட்டுவதற்காக மொட்டையடித்த பதினெட்டு ஏக்கர் நிலத்தில் புல் பூண்டு இல்லை.

சைட் பொறுப்பாளர் கோரின் ஹியூவெட் அவர் பின்னால் நடந்தாள். பள்ளத்து ஓரமாக ஓடிய கறுப்புத் துணிவேலிதான் மழையில் அந்த மண் கரைந்து கீழே உள்ள ஓடையில் இறங்காமல் தடுக்க வேண்டும். துணியின் அடிப்பக்கம் அரை அடி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும் என்பது விதி. ‘புதைத்தாயிற்று’ என்று வெள்ளிக்கிழமை அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தாள். மேஸ்திரி டெல்மரின் பேச்சை நம்பிப் போட்ட கையெழுத்து. அரை மணி நேரத்துக்கு முன்புதான் குனிந்து பார்த்தாள். சாலையோரம் நாற்பது அடி ஒழுங்காகப் புதைத்துவிட்டு, மிச்சத்துக்கெல்லாம் துணிமேல் மண்ணை வாரிப் போட்டிருந்தான் புண்ணியவான்.

ஓடையில் அரை மைல் கீழே அவள் தம்பி லானியின் சிப்பிப் படுகை இருந்தது. மூன்று வருஷமாக வளர்த்த சிப்பிகள். மேலே சேறு படிந்தால் அத்தனையும் செத்துப்போகும்.

இன்ஸ்பெக்டர் சாலையோரத்து வேலியைப் பூட்ஸ் காலால் உதைத்தார். அசையவில்லை.

“பரவால்லியே. உங்க கையெழுத்துன்னா நான் ரொம்ப நோண்டறதில்ல, கோரின்,” என்று பேனாவைத் திறந்தார்.

டெல்மர் அவள் காதோரம் குனிந்தான். “வாயத் தொறக்காத. உன் அட்டைய புடுங்கிடுவாரு. அப்புறம் எந்த சைட்லயும் உன்ன வாசல்லகூட நிக்க விடமாட்டாங்க.”

அட்டை என்றால் மழைநீர்ப் பொறுப்பாளர் உரிம அட்டை. பதினோரு வருஷமாக அவளுக்குச் சோறு போட்டது. கோரின் ஒரு நிமிஷம் ஓடையைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று பள்ளத்து மூலைக்குப் போய், துணியைப் பிடித்து இழுத்தாள். கொடியில் காயும் போர்வை மாதிரி கையோடு வந்தது.

இன்ஸ்பெக்டரின் முகம் இறுகியது. “பாக்காமலேயா கையெழுத்து போட்டீங்க?”

“ஆமா சார். எவ்வளவு வேணா அப்புறம் திட்டுங்க. இப்ப தோண்ட விடுங்க.”

“வேலி வேலை மட்டும் நடக்கட்டும். மத்த வேலையெல்லாம் நிறுத்தியாச்சு.” கையை நீட்டினார். “அட்டை.”

கொடுத்தாள். மண்வெட்டியை எடுத்தாள். டெல்மர் முறைத்துக்கொண்டு நின்றான்; பிறகு அவனும் எடுத்தான். ஏழு பேர் வெறிபிடித்தாற்போல் தோண்டினார்கள். கடைசி முழத் துணியை மிதித்து இறுக்கும்போதே மழை கொட்டத் தொடங்கிவிட்டது. சேற்றுத் தண்ணீர் வந்து மோத, துணி வயிறு தள்ளியது. வேலி தாங்கியது.

மழை ஓய்ந்ததும் லானி போனில் கத்தினான்.

“அக்கா! ஓடைத் தண்ணி தெளிவா கெடக்கு! மேல கட்டறவனுங்க சேத்தை எறக்கிடுவானுங்கன்னு இங்க எல்லாரும் நடுங்கினானுங்க. நான் சொன்னேன், எங்கக்கா கையெழுத்து போட்ட வேலிடா, பயப்படாம தூங்குங்கடான்னு.”

கோரினுக்கு அவமானத்தில் காது சுட்டது.

“லானி,” என்றாள், “அந்தக் கையெழுத்து பொய்டா.”